நியூசிலாந்துப் பண்ணை நாய்களோடு ஒரு வார இறுதி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லிங்கன், மாஸி பல்கலைக்கழகங்களில் மேற்படிப்புக்குச் சேரும் நம் மாணவர்களுக்கு இப்படி ஓர் அழைப்பு வருவது உண்டு. ஆய்வகத்தில் உடன் படிப்பவரின் குடும்பம் கேன்டர்பரியிலோ மானவட்டுவிலோ செம்மறிப் பண்ணை வைத்திருக்கும். சனி, ஞாயிறு வந்து தங்கச் சொல்வார்கள். அங்கே நான்கைந்து நாய்களாவது இருக்கும். தெருநாயைக் கண்டால் வரும் பயமும் சரி, வீட்டு நாயிடம் காட்டும் கொஞ்சலும் சரி, அங்கே உதவாது. அவை வேலைக்கென்றே வளர்க்கப்படும் நாய்கள். எதிரே நிற்பவரின் நடை, கை, குரல் எல்லாவற்றையும் ‘இது நமக்கான கட்டளையா?’ என்று கவனித்துக்கொண்டே இருக்கும். விருந்தாளிகள் செய்யும் தவறுகளில் பாதி, இது தெரியாததால் வருபவை.

குரைப்பதையும் முறைப்பதையும் தப்பாகப் புரிந்துகொள்வது

நியூசிலாந்துப் பண்ணைகளில் முக்கியமாக இரண்டு வகை நாய்கள். ஹன்டவே உருவத்தில் பெரியது. மந்தையின் பின்னால் நின்று தொண்டை கிழியக் குரைத்தே ஆடுகளை முன்னால் தள்ளும். குரைப்பதுதான் அதன் தொழில். ‘ஸ்பீக் அப்’ என்று சொல்லிக் குரைக்கவே பழக்குகிறார்கள். ஹெடிங் டாக் பார்டர் கோலி என்ற மேய்ப்பு நாய் இனத்தின் வழி வந்தது, சுமார் 20 கிலோ இருக்கும். சத்தமே போடாமல் அகலமாகச் சுற்றி ஓடி, மந்தையின் தலைப்பக்கம் போய், தாழக் குனிந்து, கண்கொட்டாமல் பார்த்தே ஆடுகளைத் திருப்பிக்கொண்டு வரும்.

ஆக, ஹன்டவே குரைத்தால் அது சண்டைக்கு வருகிறது என்று அர்த்தமில்லை. ஹெடிங் டாக் நம்மையே வெறித்துப் பார்த்தாலும் அப்படித்தான். இரண்டு இடத்திலும் செய்யவே கூடாதது ஓடுவது. ஓடுகிற எதையும் வளைத்து மடக்குவது ஹெடிங் டாக்கின் ரத்தத்தில் ஊறியது; ஓடினால் சுற்றி வந்து குதிகாலில் ஒரு கடி வைத்தாலும் வைக்கும். அப்படியே நில்லுங்கள். உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, கைகளைத் தொங்கவிட்டு, நாயின் கண்ணைப் பார்க்காமல் வேறெங்காவது பாருங்கள். அதுவாக வந்து மோந்துவிட்டுப் போகட்டும். தடவ ஆசையென்றால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, தலைமேல் கையைக் கொண்டுபோகாமல் தாடைக்குக் கீழோ நெஞ்சிலோ இரண்டு மூன்று விநாடி சொறிந்துவிட்டு நிறுத்துங்கள். மேலும் ஒட்டிக்கொண்டு நின்றால் அதற்கும் பிடித்திருக்கிறது, விலகினால் விட்டுவிடுங்கள். சங்கிலியில் கட்டிய நாய், கூண்டில் சாப்பிடும் நாய், குட்டி போட்ட நாய் மூன்றின் பக்கமும் போக வேண்டாம்.

விசிலடிப்பதும் நடுவில் நிற்பதும்

மேய்ப்பவரின் வாயில் மடித்த தகடு போல ஒரு சின்ன விசில் இருக்கும். நானூறு ஐந்நூறு மீட்டர் தள்ளி மலைச்சரிவில் நிற்கும் நாயை அதை வைத்தே ஓட்டுவார்கள். நில், இடப்பக்கம் போ, வலப்பக்கம் போ, மெல்ல முன்னேறு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒலி. இரண்டு நாய்களை ஒன்றாக ஓட்டும்போது குழப்பம் வராமலிருக்க ஒவ்வொரு நாய்க்கும் தனி ஒலிகளைப் பழக்குவதும் உண்டு. இந்த நேரத்தில் நீங்கள் சும்மா ஒரு பாட்டை விசிலடித்தால் நாய் பாதி வழியில் நின்று திரும்பிப் பார்க்கும். அந்த இடைவெளியில் மந்தை பிரிந்து ஓடும். மறுபடி ஒன்று சேர்க்க மலையை இன்னொரு முறை சுற்ற வேண்டும். நாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது, கைதட்டுவது, ‘கெட் இன் பிஹைண்ட்’, ‘வேலெகோ’ என்று காதில் விழுந்த கட்டளையைச் சொல்லிப் பார்ப்பது எல்லாமே இந்தக் கணக்கில்தான். முன்னது ‘என் பின்னால் வா’, பின்னது ‘ஆட்டை விட்டுவிட்டுத் திரும்பி வா’. இளம் நாயிடம் இப்படி விளையாடினால், கட்டளை கேட்டும் செய்யாமலிருக்கலாம் என்று அது கற்றுக்கொள்ளும். மாதக்கணக்கான பயிற்சி அதில் கெடும்.

எங்கே நிற்கிறோம் என்பது இதைவிட முக்கியம். ஹெடிங் டாக் எப்போதும் மேய்ப்பவருக்கு நேர் எதிரே, ஆடுகளுக்கு அந்தப் பக்கம் இருக்கப் பார்க்கும். மேய்ப்பவர் இரண்டடி நகர்ந்தால் நாயும் அதற்கேற்ப நகரும். ஆடுகளோ நாயையும் பார்க்கும், உங்களையும் பார்க்கும். பட்டியின் கேட்டுக்கு அருகில் நீங்கள் போனை நீட்டிக்கொண்டு நின்றால், முன்னால் வரும் ஆடு உங்களைக் கண்டு மிரண்டு நிற்கும், பின்னால் வருபவை முட்டும், முழு மந்தையும் திரும்பிவிடும். வேலிக்கு வெளியே, கேட்டைத் தாண்டிப் பின்பக்கமாக, அசையாமல் நில்லுங்கள். எங்கே நிற்கட்டும் என்று முதலிலேயே கேட்டுவிடுவது உத்தமம். எந்தக் கேட்டையும் நீங்கள் பார்த்தபோது இருந்தபடியே விட்டுவிட்டு வர வேண்டும்: திறந்திருந்தால் திறந்தே, மூடியிருந்தால் மூடியே.

ஆகஸ்டு, செப்டம்பரில் போகிறவர்கள் குட்டி ஈனும் ஆடுகள் இருக்கும் நிலத்துக்குள் நாயோடு போகவே கூடாது. நாயைக் கண்டு மிரளும் தாய் ஆடு இரட்டைக் குட்டிகளில் ஒன்றை விட்டுவிட்டு ஓடும். ஈரம் காயாத குட்டி அந்தக் குளிரில் வெகுநேரம் தாங்காது.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிடுவது

சின்ன விஷயமாகத் தெரியும், விளைவு பெரிது. நீங்கள் கூப்பிட்டதும் நாய் கம்பி வேலியைத் தாண்டும். பின்னங்கால் மேலிரண்டு கம்பிகளுக்கு நடுவே சிக்கினால் உடம்பின் எடை முழுவதும் அந்தக் காலில் தொங்கும், எலும்பு முறியும். மின்வேலியாக இருந்தால் அதிர்ச்சியும் சேரும், அதன் பிறகு அந்தக் கேட் பக்கமே வர மறுக்கும் நாய்களும் உண்டு. கேட்டைத் திறந்துவிட்டுக் கூப்பிடுங்கள். குவாட் பைக் என்ற நான்கு சக்கர வண்டியில் நாய் பின்னால் ஏறிக்கொள்ளும் என்பதற்காக நீங்களும் தொற்றிக்கொள்ளாதீர்கள். ஒருவர் ஓட்டுவதற்கென்று செய்த வண்டியில் கூடுதல் ஆள் ஏறினால் சரிவில் கவிழ்வது எளிது.

சோறும் எலும்பும்

நம்மவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான், அதுவும் பிரியத்தால். மீந்த பிரியாணியையும் கறிக்குழம்புச் சோற்றையும் நாய்க்கு வைப்பது நம் பழக்கம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. ஒரே வேளையில் உடல் எடையில் 0.5 சதவீதம் வெங்காயமே ஆபத்து என்பது கணக்கு. 20 கிலோ ஹெடிங் டாக்குக்கு அது 100 கிராம், அதாவது நடுத்தர அளவில் ஒரு பெரிய வெங்காயம். தின்ற அன்று எதுவும் தெரியாது. சில நாள் கழித்துத்தான் சோர்வும், வெளிறிய ஈறும், பழுப்புச் சிறுநீரும் வரும். உலர் திராட்சை, சாக்லேட், சைலிட்டால் என்ற செயற்கை இனிப்பு கலந்த சூயிங்கம், உங்கள் பையிலிருக்கும் ஐப்யூப்ரோஃபன், பாராசிட்டமால் எதுவும் நாய்க்கு எட்டக் கூடாது. வெந்த எலும்பு ஊசி ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும்.

நல்ல தீனியானாலும் நேரம் தப்பினால் ஆபத்து. பண்ணை நாய்க்குப் பொதுவாக ஒரே வேளை, வேலை முடிந்த மாலையில்தான் போடுவார்கள். வயிறு நிறைந்த நிலையில் ஓடினால், ஹன்டவே போன்ற நெஞ்சு ஆழமான நாய்க்கு இரைப்பை காற்றில் உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயம் கூடும். வயிறு மேளம் போல இறுகுவது, வாந்திக்கு முயன்றும் ஒன்றும் வராமலிருப்பது, எச்சில் வழிவது, நிலைகொள்ளாமல் தவிப்பது ஆகியவை அதன் அறிகுறிகள். பார்த்தவுடன் பண்ணைக்காரரிடம் சொல்லுங்கள். அறுவை சிகிச்சைக்குச் சில மணி நேரமே அவகாசம்.

வீட்டுக்கென்று ஆடு அறுக்கும்போது நாய் பக்கத்தில் உட்கார்ந்து ஏக்கத்தோடு பார்க்கும். ஈரலிலோ நுரையீரலிலோ ஒரு துண்டை வீசிவிடாதீர்கள். ஆட்டின் உள்ளுறுப்பிலுள்ள ஹைடாடிட் கட்டிகளை நாய் தின்றால் அதன் குடலில் நாடாப்புழு வளரும். அந்தப் புழுவின் முட்டைகள் நாயின் மலத்திலும் ரோமத்திலும் ஒட்டி மனிதருக்கு வந்து ஈரலில் கட்டியாகும். பல்லாண்டுக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு 2002இல்தான் நியூசிலாந்து இந்நோயிலிருந்து தற்காலிகமாக விடுபட்டதாக அறிவித்தது. ஆட்டுத் தசையில் கட்டிகளை உண்டாக்கி, இறைச்சிக் கூடத்தில் கறியைத் தள்ளுபடியாக்கும் வேறொரு நாடாப்புழு இன்னமும் இருக்கிறது. அதனால்தான் நாய்க்கான ஆட்டுக்கறியை நன்றாக வேகவைப்பார்கள், அல்லது மைனஸ் 10 டிகிரி செல்சியஸில் 10 நாள் உறையவைத்த பிறகே போடுவார்கள். நாயைத் தொட்ட கையைச் சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கழுவுவதில் சலுகையே இல்லை.

நாயைத் தனியாகக் காட்டுப் பக்கம் நடத்திக்கொண்டு போவதாகவும் சொல்லிவிடாதீர்கள். போசம் என்ற மரமேறும் விலங்கையும் எலிகளையும் ஒழிக்க நியூசிலாந்தில் 1080 என்ற நஞ்சு வைக்கிறார்கள். அதைத் தின்று செத்த போசத்தின் உடலைக் கடித்தாலே நாய் செத்துவிடும். மாற்று மருந்து கிடையாது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்பது பண்ணைக்காரருக்குத்தான் தெரியும்.

போகும் முன்பும், கடி பட்டாலும்

வேறு பண்ணையிலோ வெளிநாட்டிலோ மண் மிதித்த ஷூவைச் சேறு துளியும் இல்லாமல் தேய்த்துக் கழுவிவிட்டுப் போங்கள். தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் பதிலாக வேலை செய்வதாகப் பேசியிருந்தால், குடிவரவுச் சட்டத்தில் அதுவும் கூலி வேலைதான். விசா நிபந்தனையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாய் கடித்தால் ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கையில் பல் ஆழமாக இறங்கியிருந்தால் சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள்; தசைநார் வழியே சீழ் வேகமாகப் பரவும், டெட்டனஸ் ஊசியும் பார்க்க வேண்டும். ஏசிசி என்ற விபத்துக் காப்பீடு வெளிநாட்டு மாணவருக்கும் பொருந்தும் என்பதால் செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போட வேண்டாம். சந்தேகமிருந்தால் ஹெல்த்லைன் என்ற மருத்துவ ஆலோசனைத் தொலைபேசி எண் 0800 611 116.

நியூசிலாந்தில் ரேபிஸ் கிடையாது. அங்கே கடித்தால் வெறிநாய்க்கடி ஊசி தேவைப்படாது. அந்தப் பழக்கத்தை விடுமுறைக்கு வரும்போது ஊருக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் நாய்க்கடியோ பல் பட்ட கீறலோ எதுவானாலும் 15 நிமிடம் சோப்பு நீரில் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். கடித்தது வீட்டில் வளர்க்கும் நாய் என்றாலும்தான்.