கம்பெனியில் முதல் முறையாக ஆயுத பூஜை விழா நடத்துவது எப்படி?

கோவை, திருப்பூர் பக்கத்துச் சிறு கம்பெனிகளில் வருடத்துக்கு ஒரு பெரிய விழா என்றால் அது ஆயுத பூஜைதான். லேத் பட்டறையில் முதலாளி முதல் ஹெல்பர் வரை ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் நாள் வேறு கிடையாது. கோவை கணபதி ஏரியா பக்கம், மற்ற கம்பெனிகளுக்குப் பாகம் செய்துகொடுக்கும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் கணக்கு எழுதும் எனக்கு, இந்த விழாப் பொறுப்பும் பல வருடமாகச் சேர்ந்தே இருக்கிறது. புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்காக, 60 பேர் வேலை செய்யும் யூனிட்டை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: ஆள் கணக்கு (ஒரு மாதம் முன்பு)

சம்பளப் பட்டியலைப் பார்த்து ஆள் எண்ணாதீர்கள். முதல் வருடம் நான் அப்படித்தான் எண்ணினேன். காண்டிராக்டில் வரும் லோடுமேன்கள், இரவு வாட்ச்மேன், பெருக்க வரும் அக்கா யாருமே அந்தப் பட்டியலில் இல்லை. ஏழு இனிப்புப் பெட்டி குறைந்துபோனது. அந்த அக்கா பொரிப் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டு பேசாமல் போனார். அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

அதனால் ஒரு வாரம் கையில் நோட்டோடு கேட் பக்கம் நில்லுங்கள். எல்லா ஷிஃப்டிலும் உள்ளே வருகிற ஒவ்வொருவர் பெயரையும் எழுதுங்கள். அப்ரண்டிஸ் பையன்கள், டீ கொண்டுவருபவர், வேன் டிரைவர் என்று ஒருவரையும் விடவேண்டாம். வரும் எண்ணோடு ஐந்து கூட்டிக்கொள்ளுங்கள். பெட்டி எல்லோருக்கும் ஒரே அளவாக இருக்கட்டும். ஆபீஸுக்கு ஒரு கிலோ, ஷெட்டுக்குக் கால் கிலோ என்று பிரித்தால் விழா அங்கேயே கெட்டுவிடும்.

வடமாநிலத் தொழிலாளர்களிடமும் முன்பே பேசுங்கள். ஒடிசா, பீகார் பக்கத்தில் செப்டம்பர் 17 அன்று விஸ்வகர்மா பூஜை உண்டு. அவர்களும் கருவிகளுக்குத்தான் பூஜை செய்கிறார்கள். "உங்க ஊரில் எப்படிச் செய்வீங்க?" என்று கேட்டால் ஆர்வமாக முன்வருவார்கள். மாற்று மதத்தவர்களைப் பூஜையில் நிற்கச் சொல்லியோ பொட்டு வைக்கச் சொல்லியோ வற்புறுத்தக் கூடாது. சாப்பாட்டுக்கும் விளையாட்டுக்கும் அன்போடு அழையுங்கள்.

படி 2: நாளும் லீவும்

நவராத்திரியின் ஒன்பதாம் நாள் ஆயுத பூஜை, மறுநாள் விஜயதசமி. பூஜை அன்று வீட்டிலும் வண்டிக்கும் புத்தகத்துக்கும் பூஜை இருக்கும், ஊருக்குப் போகிறவர்களும் இருப்பார்கள். அதனால் கம்பெனி பூஜையை முந்தின நாள் வைத்து, மதியம் மூன்று மணிக்குள் முடிப்பதே நல்லது. வெளியூர்ப் பெண்கள் இருட்டும் முன் வீடு போய்ச் சேரலாம்.

தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டு தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு ஐந்து பண்டிகை நாட்களுக்கும் சம்பளத்துடன் லீவு உண்டு. உங்கள் கம்பெனியின் ஐந்தில் ஆயுத பூஜை இருக்கிறதா என்று பாருங்கள். 2025இல் விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் ஒரே நாளில் வந்தன. இப்படி வந்தால் "ஒரு லீவு போச்சே" என்ற பேச்சு கட்டாயம் எழும். முதலாளியிடம் முன்கூட்டியே கேட்டு, முடிவை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுங்கள்.

படி 3: பணமும் ஆர்டரும்

ஆளுக்கு 600 ரூபாய் என்று வைத்தால் 60 பேருக்கு 36,000. சாப்பாட்டுக்கு 12,000, இனிப்பு காரப் பெட்டிக்கு 15,000. மீதி 9,000இல் பூ, பூஜைச் சாமான், பந்தல், பரிசு எல்லாம் அடங்கவேண்டும். அதிலும் 3,000 ரூபாயைக் கடைசி நாள் வரை தொடாதீர்கள்.

இனிப்பை மூன்று வாரம் முன்பே சொல்லிவையுங்கள். பண்டிகை நெருங்கினால் பூ விலை தாறுமாறாக ஏறும். செவ்வந்தி, சம்பங்கி எத்தனை கிலோ, கதம்பம் எத்தனை முழம் என்று மெஷின் எண்ணிக்கையைப் பார்த்துப் பூக்காரரிடம் முன்பே சொல்லுங்கள். பொரி, பொட்டுக்கடலை, அவல், வெல்லம், வாழைக்கன்று, மாவிலை, எலுமிச்சை, பூசணி எல்லாம் முந்தின நாள் வாங்கினால் போதும். சாப்பாடு சைவமாக இருக்கட்டும்: வடை பாயசத்தோடு இலைச் சாப்பாடு. அக்டோபர் என்றால் மழை வரலாம், பந்திக்கு மேலே தார்ப்பாய் கட்டாயம் வேண்டும்.

படி 4: மெஷின் துடைப்பது

விழாவே இங்கேதான் தொடங்குகிறது. அரை நாள் உற்பத்தியை நிறுத்தித்தான் ஆகவேண்டும். முதலாளியிடம் தயங்காமல் கேளுங்கள்.

- முதலில் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுங்கள். சாவி சூப்பர்வைசரிடம் இருக்கட்டும்.
- இரும்புப் பிசிறைப் பிரஷ்ஷால் தள்ளுங்கள். ஏர் கன்னால் ஊதினால் கண்ணில் தெறிக்கும்.
- பேனல் பக்கம் தண்ணீர் போகக் கூடாது. பனியன் வேஸ்ட் (கழிவுப் பனியன் துணி) கொண்டு துடையுங்கள்.
- லீவு நாளில் துருப் பிடிக்காமல் லேத் பெட்டில் (மெஷினின் இரும்பு அடித்தளத்தில்) எண்ணெய் பூசுங்கள்.
- சந்தனம், குங்குமத்தை மெஷின் கவர் மேல் மட்டும் வையுங்கள். பெட் மீதும் சிஎன்சி (கம்ப்யூட்டரில் இயங்கும் மெஷின்) திரை மீதும் வேண்டாம்.

அவரவர் மெஷினுக்கு அவரவரே பொட்டு வைக்கட்டும். பத்து வருடம் அதே லேத்தில் நின்ற மனிதர் அதற்கு மாலை போடும்போது முகத்தைப் பாருங்கள், இந்த உழைப்பு எதற்கென்று புரியும்.

படி 5: விழா நாள்

பத்தரைக்குப் பூஜை. ஸ்பேனர், வெர்னியர், மைக்ரோமீட்டர் எல்லாவற்றையும் ஒரு மேஜையில் அடுக்கிச் சாமி படத்தின் முன் வையுங்கள். தின்னர், எண்ணெய் டின், எண்ணெய்த் துணி எல்லாவற்றையும் அகற்றிய பிறகே சூடம் ஏற்றவேண்டும். தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். தீபாராதனையை வயதில் மூத்த தொழிலாளியைக் காட்டச் சொல்லுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

பூசணியை ரோட்டில் உடைக்காதீர்கள். டூவீலரில் வருபவர்கள் வழுக்கி விழுந்து அடிபடுகிறார்கள். காம்பவுண்டுக்குள் ஓரமாக உடைத்து உடனே அள்ளிவிடுங்கள். வேன் டயருக்கு அடியில் வைத்த எலுமிச்சையையும் பொறுக்கிவிடுங்கள்.

அப்புறம் பன்னிரண்டரைக்குப் பந்தி. முதல் பந்தியில் ஹெல்பர்கள், பெண்கள், குழந்தைகள் உட்காரட்டும், ஆபீஸ்காரர்கள் பரிமாறட்டும். சாப்பாட்டுக்குப் பிறகு மியூசிக்கல் சேர், லெமன் ஸ்பூன் என ஒரு மணி நேர விளையாட்டு போதும். பெட்டி கொடுக்கும்போது பட்டியலைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். இரவு ஷிஃப்ட் ஆட்களுக்கும் வாட்ச்மேனுக்கும் சாப்பாட்டையும் பெட்டியையும் முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

படி 6: மறுபடி ஓட்டுவது

விஜயதசமி காலையில் நான்கைந்து பேர் வந்தால் போதும். காய்ந்த மாலைகளை முதலில் கழற்றுங்கள். மாலை நார் சக்கில் (லேத்தில் சுழலும் பிடியில்) சுற்றிக்கொண்டால் ஆபத்து. தூபம் காட்டி, மெயினைப் போட்டு, ஒவ்வொரு மெஷினையும் இரண்டு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். மீந்த பொரியை வந்தவர்களிடமே கொடுத்தனுப்பிவிட்டு ஷெட்டைப் பூட்டலாம்.