வளரறி மதிப்பீடு: ஒரே ஒரு கேள்வியில் தொடங்கலாம்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் "புரிந்ததா?" என்று கேட்பேன். "புரிந்தது சார்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். நானும் நம்பி அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். பரீட்சைத் தாளைத் திருத்த உட்காரும்போதுதான் யாருக்கு எது புரியவில்லை என்று தெரியும். அதற்குள் நாலைந்து பாடம் தாண்டியிருக்கும். திரும்பிப் போக நேரம் இருக்காது.

இந்தத் தாமதத்தைக் குறைப்பதுதான் வளரறி மதிப்பீடு. பாடம் நடக்கும்போதே மாணவர் என்ன நினைக்கிறார் என்று பார்த்து, அடுத்த பத்து நிமிடத்தை எப்படி நடத்துவது என்று முடிவெடுக்கிறோம். பருவ முடிவில் மதிப்பெண் போடுவது தொகுத்தறி மதிப்பீடு. இந்த இரண்டையும் 1967இல் பெயர் சொல்லிப் பிரித்தவர் மைக்கேல் ஸ்கிரிவன் என்ற மதிப்பீட்டியல் அறிஞர். அவர் பேசியது பாடத்திட்டங்களை மதிப்பிடுவது பற்றி. மாணவர் கற்றலுக்கு அதைக் கொண்டுவந்தவர் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம். கேள்வித்தாளை மட்டும் பார்த்து இது எந்த வகை என்று சொல்லிவிட முடியாது. விடையைப் பார்த்தபின் நீங்கள் எதையாவது மாற்றினீர்களா? மாற்றவில்லை என்றால், பெயர் என்னவாக இருந்தாலும் அது இன்னொரு பரீட்சைதான்.

சரி, எப்படித் தொடங்குவது? ஒரு பாடவேளைக்கு ஒரு கேள்வி போதும்.

படி 1: எதைப் பார்க்கப்போகிறீர்கள்?

ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். "தசம எண்களை அறிவார்கள்" என்று எழுதினால் எதையும் சோதிக்க முடியாது. "இரண்டு மூன்று தசம எண்களில் எது பெரியது என்று காரணத்தோடு சொல்வார்கள்" என்றால் கேள்வி தானாகவே கிடைத்துவிடும்.

படி 2: தவறான யோசனை மாட்டிக்கொள்ளும்படி கேள்வி அமையுங்கள்

அதிக நேரம் பிடிப்பது இந்தப் படிதான். பிடிக்கட்டும்.

நான் முதலில் கேட்டது இது: 0.6, 0.45, 0.125 மூன்றில் பெரியது எது? பாதி வகுப்பு 0.6 என்று சரியாக எழுதிவிட்டது. ஒரு மாணவியிடம் காரணம் கேட்டேன். "எண்ணு நீளமா இருந்தா மதிப்பு கம்மிதானே சார்?" என்றாள். ஆயிரத்தில் ஒரு பங்கு மிகச் சின்னது, அதனால் ஆயிரத்தில் பங்குகள் வரும் எண்ணும் சின்னது என்பது அவள் கணக்கு. விடை சரி, யோசனை தவறு. என் கேள்வி அதைக் கண்டுபிடிக்கவே இல்லை.

பிறகு இப்படி மாற்றினேன்: 0.4, 0.63, 0.125. இப்போது ஒவ்வொரு விடையும் ஒரு சேதி சொல்லும். 0.125 என்று சொல்பவர் புள்ளியை மறந்து 125, 63, 4 என்று முழு எண்ணாகப் படிக்கிறார். 0.4 என்று சொல்பவர் அந்த மாணவியைப் போல, குட்டையான எண்தான் பெரியது என்று நினைக்கிறார். 0.63 என்று சொல்பவருக்கு அநேகமாக இடமதிப்பு பிடிபட்டிருக்கிறது. "அநேகமாக" என்றுதான் சொல்ல முடியும். மூன்றில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எழுதினாலும் சரியாக அமைந்துவிடுமே. அதனால் "ஏன்?" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

கணக்குக்கு மட்டுமல்ல, எந்தப் பாடத்துக்கும் இதே வழிதான். பழைய விடைத்தாள்களைப் புரட்டுங்கள். திரும்பத் திரும்ப வரும் தவறுகளே உங்கள் தெரிவு விடைகள்.

படி 3: எல்லோரும் ஒரே நேரத்தில் பதில் சொல்லட்டும்

"யாருக்குத் தெரியும்?" என்று கேட்டால் எப்போதும் அதே நாலு கைதான் உயரும். சிலேட்டு, பழைய தாளின் பின்பக்கம், விரல் எண்ணிக்கை, எதுவானாலும் சரி. "ஒன்று, இரண்டு, மூன்று, காட்டு" என்றதும் எல்லோரும் சேர்ந்து காட்ட வேண்டும். முன்பின்னாகக் காட்டினால் பக்கத்துச் சிலேட்டைப் பார்த்து மாற்றிவிடுவார்கள்.

கேட்டதும் அவசரப்படாதீர்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்பறை ஒலிப்பதிவுகளிலிருந்து கண்டறிந்தார். மூன்று விநாடிக்கு மேல் காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, அதிகம் பேர் பேசினார்கள். மனதுக்குள் எண்ணிப் பாருங்கள், மூன்று விநாடி மௌனம் ஆசிரியருக்கு எவ்வளவு நீளம் என்று தெரியும்.

படி 4: பார்த்தீர்கள், இப்போது முடிவெடுங்கள்

ஏறக்குறைய எல்லோரும் சரியென்றால் நகருங்கள். தவறிய இரண்டு மூன்று பேரை அப்புறம் தனியாகக் கூப்பிட்டுப் பேசலாம்.

விடைகள் பிரிந்திருந்தால் சரியானதை உடனே சொல்லிவிடாதீர்கள். வேறு வேறு விடை எழுதிய இருவரைச் சேர்த்து உட்காரவைத்து, ஒருவருக்கொருவர் காரணம் சொல்லவிடுங்கள். பிறகு அதே கேள்விக்கு மறுபடியும் சிலேட்டு.

பெரும்பாலோர் தவறென்றால் மீள்கற்பித்தல்தான். ஆனால் அதே விளக்கத்தைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்வது மீள்கற்பித்தல் ஆகாது. வழியை மாற்றுங்கள்: நூறு கட்டம் கொண்ட ஒரு சதுரம் வரைந்து, அதில் 0.4க்கு 40 கட்டம், 0.63க்கு 63 கட்டம், 0.125க்குப் பன்னிரண்டரைக் கட்டம் வண்ணம் தீட்டச் சொல்லுங்கள்.

படி 5: நோட்டில் மதிப்பெண் இல்லாமல் கருத்து மட்டும் எழுதிப் பாருங்கள்

1988இல் கல்வி உளவியலாளர் ரூத் பட்லர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கருத்து மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். கருத்தோடு மதிப்பெண்ணும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. 7/10 என்று போட்டால் பையன் பக்கத்து நோட்டைத்தான் எட்டிப் பார்க்கிறான். கீழே நான் எழுதிய மூன்று வரியை யார் படிக்கிறார்கள்?

எழுதுகிற கருத்து ஒரு வேலையைத் தர வேண்டும். "கவனம் தேவை" என்பதை வைத்து மாணவரால் ஒன்றும் செய்ய முடியாது. "3ஆம், 5ஆம் கணக்குகளில் ஒரே மாதிரித் தவறு இருக்கிறது, கண்டுபிடித்து எழுது" என்றால் முடியும். அதைச் செய்ய வகுப்பிலேயே ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். வீட்டில் செய்துவா என்றால் பெரும்பாலும் நடப்பதில்லை.

படி 6: மணி அடிக்கும் முன் ஒரு சீட்டு

கடைசி மூன்று நிமிடத்தில் ஒரு கணக்கைத் துண்டுச் சீட்டில் செய்து, பெயர் எழுதித் தரச் சொல்லுங்கள். திருத்த வேண்டாம். புரிந்தது, பாதி, புரியவில்லை என்று மூன்று குவியலாகப் பிரித்தால் போதும். ஒரு வகுப்புக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. மூன்றாவது குவியலில் இருந்து ஒரு சீட்டை எடுத்து, பெயர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதுங்கள். "இதைச் செய்தவர் என்ன நினைத்திருப்பார்?" என்பது நாளைய வகுப்பின் முதல் கேள்வி.