காந்தம் வைத்தால் மின்தடை குறையும் ஆக்சைடு: செய்து பார்க்கும் முறை

எம்.எஸ்சி. இயற்பியல் ஆய்வகத்தில் ஃபோர் புரோப் சோதனை (நான்கு முனைகளை வைத்து மின்தடை அளப்பது) ஒரு மேசையில் நடக்கும். ஹால் விளைவுக்கான (காந்தப்புலத்தில் மின்னோட்டத்துக்குக் குறுக்கே மின்னழுத்தம் தோன்றுவது) மின்காந்தம் இன்னொரு மேசையில் இருக்கும். பிள்ளைகள் இரண்டையும் தனித்தனியாகச் செய்து ரெக்கார்டு நோட்டை மூடிவிடுகிறார்கள். அந்த இரண்டு கருவிகளையும் சேர்த்து வைத்தால் இன்னும் அருமையான ஒன்றை அளக்கலாம்: காந்தப்புலத்தில் ஓர் ஆக்சைடின் மின்தடை குறைவதை. கும்பகோணத்தில் ஒரு சிறிய ஆய்வகத்தில் நான் செய்த வழி இது.

நமக்கு வேண்டிய பொருள் லாந்தனம் ஸ்ட்ரான்சியம் மாங்கனீசு ஆக்சைடு. இதில் மாங்கனீசு அணுக்கள் இரண்டு வகை: மூன்று எலக்ட்ரான் இழந்தவை, நான்கு இழந்தவை. நடுவில் ஆக்சிஜன். காவிரிக்கரையில் உடைப்பெடுத்தால் மணல் மூட்டையைக் கைமாற்றி அனுப்புவோம் இல்லையா? நடுவில் நிற்பவர் ஒரு கையால் வாங்கும்போதே மறு கையால் அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார். ஆக்சிஜன் செய்வதும் அதுதான். ஒரு மாங்கனீசிடம் எலக்ட்ரானை வாங்கும் அதே நேரத்தில் மற்றதற்கு ஒன்றைக் கொடுக்கிறது. 1951-ல் கிளாரன்ஸ் ஜெனர் இதை விளக்கினார். இரட்டைப் பரிமாற்றம் என்று பெயர். ஒரே நிபந்தனை, இரு பக்க மாங்கனீசின் காந்தத் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆள் முகம் திருப்பி நின்றால் மூட்டை நகராது. வெளியிலிருந்து காந்தப்புலம் கொடுத்தால் திரும்பி நிற்பவை வரிசைக்கு வருகின்றன, மின்தடை குறைகிறது.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: எடை போடுதல்

சுட்ட பிறகு சுமார் நாலரை கிராம் தூள் கிடைக்க லாந்தனம் ஆக்சைடு 2.281 கிராம், ஸ்ட்ரான்சியம் கார்பனேட் 0.886 கிராம், மாங்கனீசு டை ஆக்சைடு 1.739 கிராம். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், மாங்கனீசுத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

இந்தப் படியில்தான் நான் கோட்டை விட்டேன். லாந்தனம் ஆக்சைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து ஹைட்ராக்சைடாக மாறிவிடும். கார்த்திகை அடைமழையில் பாட்டிலைத் திறந்து அப்படியே எடை போட்டேன். எடையில் ஒரு பகுதி தண்ணீர், லாந்தனம் குறைந்துபோனது, விகிதம் கெட்டது. அதனால் 1000 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் சுட்டு, டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலம்) ஆறவைத்து, உடனே எடை போடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்கு இதைத் தவிர்க்க வழியே இல்லை.

படி 2: அரைத்தலும் சுடுதலும்

அகேட் கல்வத்தில் ஒரு மணி நேரமாவது அரைக்க வேண்டும். தூளின் நிறம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் ஆகும்வரை விடாதீர்கள். அலுமினா மூசையில் வைத்து 1000 டிகிரியில் 12 மணி நேரம் சுடுங்கள். மறுபடி அரைத்து, அழுத்தி வில்லையாக்கி, 1300 டிகிரியில் ஒரு நாள். கன்னங்கரேல் என்ற வில்லை கிடைக்கும். தட்டினால் ஓட்டுச் சில்லு போல் ஒலிக்க வேண்டும். பொதபொதவென்றால் சரியாக வேகவில்லை.

படி 3: நான்கு முனைகள்

வில்லையை நீளப் பட்டையாக அறுத்து, சில்வர் பெயின்ட்டால் நான்கு மெல்லிய கம்பிகளை ஒரே கோட்டில் ஒட்டுங்கள். வெளி இரண்டில் மின்னோட்டம், உள் இரண்டில் மின்னழுத்தம். மல்டிமீட்டரின் இரண்டு கம்பியால் அளக்க முடியாது. பட்டையின் தடை ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது; கம்பியும் ஒட்டிய இடமும் அதைவிடப் பெரிய தடை.

10 மில்லிஆம்பியர் அனுப்பினால் ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தமே வரும். அதில் மைக்ரோவோல்ட் வரை காட்டும் மீட்டர் வேண்டும். ஒவ்வோர் அளவையும் மின்னோட்டத்தை நேராகவும் திருப்பியும் விட்டு எடுத்துச் சராசரி காணுங்கள். இணைப்புகளில் வெப்பத்தால் உண்டாகும் பொய் மின்னழுத்தம் இப்படிக் கழிந்துவிடும்.

படி 4: காந்தத்தைப் போடுதல்

முழுக் கவனமும் இங்கேதான் வேண்டும். இந்த ஆக்சைடு சுமார் 360 கெல்வினுக்குக் கீழே உலோகம் போல நடந்துகொள்ளும்: சூடானால் தடை ஏறும். மின்காந்தச் சுருளோ ஓட ஓடச் சூடாகும். காந்தம் தடையை இறக்க, சூடு அதை ஏற்ற, இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிட்டால் உங்களுக்கு ஒன்றுமே தெரியாது. ஒரு டெஸ்லாவுக்குள் (டெஸ்லா காந்தப்புலத்தின் அலகு) அறை வெப்பத்தில் கிடைக்கும் மாற்றமே ஒன்றிரண்டு சதவீதம்தான் என்பதை மறக்க வேண்டாம். பட்டையை ஒட்டியே வெப்பநிலை காட்டும் ஒரு தெர்மோகப்பிள் வையுங்கள். காந்தம் இல்லாமல் ஓர் அளவு, போட்டு ஓர் அளவு, அணைத்து மறுபடி ஓர் அளவு. முதலும் மூன்றாவதும் ஒத்துவந்தால் மட்டும் நடு அளவை நம்புங்கள்.

படி 5: கணக்கு

காந்தத்தோடு வந்த தடையிலிருந்து காந்தமில்லாத தடையைக் கழித்து, காந்தமில்லாத தடையால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். விடை எதிர்க்குறியில் வரும், மைனஸ் நூறைத் தாண்டாது. சில கட்டுரைகளில் ஆயிரக்கணக்கான சதவீதம் பார்த்தால் திகைக்க வேண்டாம், அவர்கள் காந்தத்தோடு வந்த சிறிய தடையால் வகுத்திருப்பார்கள். 1994-ல் லாந்தனம் கால்சியம் மாங்கனீசு ஆக்சைடு மென்படலம் ஒன்றில் 77 கெல்வினில், 6 டெஸ்லா புலத்தில் தடை ஆயிரம் மடங்குக்கு மேல் குறைந்தது. அப்போதுதான் இதைப் பிரம்மாண்டக் காந்தத் தடைமாற்றம் என்று அழைக்கத் தொடங்கினார்கள்.

அப்புறம் காந்தத்தின் திசையை மாற்றியும் ஒருமுறை அளந்துவிடுங்கள். வடக்கு தெற்கு மாறினாலும் தடை அதே அளவு குறைய வேண்டும். இரண்டும் வேறுபட்டால் உள் முனைகள் நேர்கோட்டில் இல்லை, ஹால் மின்னழுத்தம் கலந்திருக்கிறது என்று பொருள். இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள்.