கேரவனைக் காரில் மாட்டுவதும் கழற்றுவதும்: ‘டக்’ சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள்

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளில் 1997 முதல் கார் லைசன்ஸ் எடுத்தவர்களும் 2021 டிசம்பர் 16 முதல் தனித் தேர்வு எழுதாமலே 3,500 கிலோ வரை டிரெய்லர் இழுக்கலாம்; காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் வீடான கேரவனும் அதில் சேர்த்தி. வசதிதான். ஆனால் மாட்டக் கற்றுக்கொடுக்க ஆளில்லை. உங்கள் கார் எவ்வளவு எடை இழுக்கும், இன்ஷூரன்ஸ் உண்டா என்பதையெல்லாம் பார்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

முதலில் கேரவனின் ஹேண்ட்பிரேக். லிவரை முழுக்க மேலே தூக்குங்கள். அரைகுறையாக நின்றால் சரிவில் பின்னால் நகரும். சக்கரத்துக்குக் கட்டையும் வையுங்கள். நான்கு மூலை ஸ்டெடிகளையும் (தாங்கு கால்கள்) மேலேற்றி, கேஸ் சிலிண்டரை மூடி, கரண்ட் கேபிளைக் கழற்றிவிடுங்கள். கூரை ஜன்னலை மூடப் பலரும் மறப்பார்கள்.

அடுத்து காரின் டோ பால், அதாவது கேரவனை மாட்டும் பின்பக்க இரும்புக் குண்டு. உலோகம் உரசும் இடமென்றால் கிரீஸ் போடத்தான் கை போகும். ஆனால் பாலைக் கவ்வும் கேரவனின் முன்முனைதான் ஹிட்ச்; ஆட்டத்தை அடக்கும் ஸ்டெபிலைசர் உள்ள ஹிட்சில் கிரீஸ் கூடவே கூடாது. உள்ளே இருக்கும் உராய்வுப் பட்டைகள் பாலை இறுக்கிப் பிடிப்பதால்தான் கேரவன் வாலாட்டாமல் வருகிறது. பிரேக் கிளீனரால் துடையுங்கள். புது பால் என்றால் பெயிண்டையும் உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள்.

ஜாக்கி வீலின் (கேரவனின் முன்பக்கத்தை ஏற்றி இறக்கும் சிறு சக்கரம்) கைப்பிடியைச் சுற்றி ஹிட்சை பாலுக்கு மேலே உயர்த்திவிட்டு, காரை மெதுவாகப் பின்னால் எடுங்கள். ரிவர்ஸ் கேமரா இருந்தால் அதுவே போதும். கை காட்டுகிறேன் என்று காருக்கும் கேரவனுக்கும் நடுவில் யாரையும் நிற்க விடாதீர்கள். நேராக வந்ததும் ஹிட்சை இறக்கினால் ‘டக்’ என்று விழும்; பச்சைக் குறி தெரியும்.

இங்கேதான் பாதிப் பேர் கிளம்பிவிடுகிறார்கள். ஜாக்கி வீலை மறுபடி கீழே சுற்றுங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து கொஞ்சம் எழும்பினால்தான் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு வீலை முழுக்க மேலேற்றி, அதைப் பிடித்திருக்கும் கிளாம்பை இறுக்கி, ஸ்டெபிலைசர் கைப்பிடியை அழுத்துங்கள்.

எனக்குப் பிடிபட நாளானது பிரேக்அவே கேபிள், அந்தச் சிவப்பு மெல்லிய கம்பி. கேரவனைத் தாங்குவதற்கான சங்கிலி என்றே நினைத்திருந்தேன். அதன் வேலையே வேறு. ஓடும்போது கேரவன் கழன்றால், இந்தக் கம்பி அதன் ஹேண்ட்பிரேக்கைச் சுண்டி இழுத்துவிட்டுத் தானும் அறுந்துபோகும். கேரவன் தனியாக நிற்கும். எனவே டோபாரில் (பாலைத் தாங்கும் காரின் சட்டம்) இதற்கென்று உள்ள வளையத்தில்தான் மாட்ட வேண்டும். கழற்றி மாட்டும் வகை டோ பாலின் கழுத்தில் சுற்றினால், பாலே கழன்று வரும்போது கம்பியும் கூடவே போய்விடும். வளைவில் இழுபடாத அளவு தளர்வு வேண்டும். தரையில் உரசவும் கூடாது.

கேரவன் விளக்குகளுக்கான 13 பின் பிளக்கைக் காரின் சாக்கெட்டில் பள்ளம் பார்த்துச் சொருகி வலப்பக்கம் திருப்புங்கள். ஒருவரைப் பின்னால் நிறுத்தி எல்லா விளக்கையும் பாருங்கள். கார் கேரவனைவிட ஒடுக்கம் என்றால் நீட்டிப்புக் கண்ணாடி சட்டப்படி கட்டாயம். கட்டையை எடுத்து, கடைசியாகத்தான் கேரவன் ஹேண்ட்பிரேக்கை இறக்க வேண்டும். மோட்டார்வேயில் மணிக்கு 60 மைலுக்கு மேல் கூடாது. மூன்று லேன் இருந்தால் வலக்கோடி லேனும் நமக்கில்லை.

கழற்றும்போது, இடம் வலம் சாய்ந்திருந்தால் கார் மாட்டியிருக்கும்போதே தாழ்ந்த பக்கச் சக்கரத்தை ராம்ப் (சாய்வுக் கட்டை) மேல் ஏற்றிச் சமன் செய்துவிடுங்கள். முன்பின் சமனை ஜாக்கி வீல் பார்த்துக்கொள்ளும். பிறகு ஹேண்ட்பிரேக், கட்டை, பிளக், பிரேக்அவே கேபிள். ஜாக்கி வீலை இறக்கி கிளாம்பை இறுக்கி, ஸ்டெபிலைசரைத் தூக்கி, ஹிட்ச் கைப்பிடியைப் பிடித்தபடி வீலைச் சுற்றினால் ஹிட்ச் மேலே வந்துவிடும். காரை முன்னால் நகர்த்திய பிறகே ஸ்டெடிகள். அவை ஆட்டத்தை நிறுத்தத்தான், கேரவனைத் தூக்க அல்ல. டிரில் வைத்து இறக்குவது எனக்குப் பிடிக்காது: எப்போது தரை தொட்டது என்று கைக்குத் தெரியாது.

பின்சேர்க்கை: “ஹிட்ச் பாலை விடவே மாட்டேன் என்கிறது” என்று சிலர் எழுதியிருந்தீர்கள். முதலில் ஸ்டெபிலைசர் கைப்பிடி இன்னும் கீழே கிடக்கிறதா பாருங்கள்; பெரும்பாலும் அதுதான். இல்லையென்றால் கார் பாலை ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டிருக்கும். காரை இம்மி அளவு முன்னோ பின்னோ நகர்த்தி, நிறுத்திவிட்டு மறுபடி தூக்குங்கள். சுத்தியல் வேண்டாம்.