யாருக்கும் தெரியாத டொலர் குறி: செயல்விளக்க வீடியோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் மென்பொருள் பழக்கிக் கொடுக்கும் இளைஞர்கள் இப்போது கூடிவிட்டார்கள். மாதர் சங்கக் கணக்கை விரிதாளில் (ஸ்பிரெட்ஷீட்) எழுதுவது எப்படி, கூட்டுறவுக் கடையின் இருப்பைப் பதிவது எப்படி, தமிழில் தட்டச்சு செய்வது எப்படி என்று மூன்று நான்கு நிமிட வீடியோக்களை எடுத்து வட்ஸ்அப் குழுக்களில் போடுகிறார்கள். நல்ல வேலைதான். மல்லாவியிலோ நெடுங்கேணியிலோ இருக்கும் ஒரு பொருளாளர் சின்னச் சந்தேகம் ஒன்றுக்காக பஸ் ஏறி ஒரு நாளைத் தொலைக்க வேண்டியதில்லை. ஆனால் வருகிற வீடியோக்களைப் பார்த்தால், தொடக்கத்தில் நாங்கள் விட்ட அதே பிழைகள் வரிசை குலையாமல் வருகின்றன.

மைக்கை இயக்காமல் பேசியது, பதிவுப் பொத்தானை அழுத்த மறந்தது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை பட்டால் யாரும் தானாகத் திருந்திவிடுவார்கள். எடுத்தவருக்கே தெரியாமல் தொடரும் பிழைகளைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

திரை முழுவதையும் அப்படியே பதிவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். சொல்லிச் சொல்லி வாய் உளைந்துவிட்டது. சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "1080 தரத்தில்தானே எடுத்தேன் அண்ணை, என் கணினியில் கண்ணாடி போல இருக்கிறதே!"

இருக்கும். உங்கள் கணினியில் இருக்கும். பார்ப்பவர் எதில் பார்க்கிறார்? 15.6 அங்குல மடிக்கணினித் திரையின் அகலம் ஏறத்தாழ 34 சென்ரிமீற்றர். நிமிர்த்திப் பிடித்த கைத்தொலைபேசியின் திரை அகலம் 7 சென்ரிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. அதாவது, நீங்கள் பார்த்ததில் ஐந்தில் ஒரு பங்கு. உங்கள் திரையில் 3 மில்லிமீற்றர் உயரம் இருந்த எழுத்து அங்கே 0.6 மில்லிமீற்றர். 1080 என்பது திரையின் உயரத்தில் எத்தனை புள்ளி வரிசைகள் இருக்கின்றன என்பதைச் சொல்லும் எண். எழுத்து எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தொலைபேசியைக் கிடையாகத் திருப்பினால் கொஞ்சம் பெரிதாகும், உண்மைதான். ஆனால் பார்ப்பவர் அதைக் கணினிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு கண் அதிலும் ஒரு கண் தன் விரிதாளிலுமாக வேலை செய்கிறவர். திருப்ப மாட்டார்.

அதற்கு மேல் வட்ஸ்அப்பின் கைவரிசை. சாதாரணமாக அனுப்பும் வீடியோவை அது அமுக்கிச் சிறிதாக்கித்தான் கொண்டுபோகும். முதலில் சாவது எழுத்தின் விளிம்பு. தமிழ் எழுத்தில் புள்ளி போய்விடும், 'ி'யும் 'ீ'யும் ஒன்றாகிவிடும். நிற எழுத்துக்கு இன்னும் மோசம். வழக்கமான வீடியோக்களில் வெளிச்சத்தின் அளவு ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியே பதிவாகும். நிறமோ நான்கு புள்ளிகளுக்கு ஒன்றாகத்தான் பதிவாகும். வெள்ளையில் கறுப்பு தப்பிவிடும். நிற எழுத்து கரைந்துபோகும். லிப்ரே ஒஃபிஸ் கல்க் என்ற விரிதாள் மென்பொருளில் ஒரு சூத்திரத்தை எழுதும்போது, அதில் வரும் கலங்களின் (கட்டங்களின்) பெயர்கள் நீலம், சிவப்பு என்று நிறம் மாறித் தெரியும் அல்லவா? மிகத் தெளிவாகத் தெரிய வேண்டிய இடமே மிக மோசமாகக் கலங்கிப்போகிறது.

இதெல்லாம் அழகுப் பிரச்சினை என்று நினைப்பவர்களுக்காக ஒட்டுசுட்டான் பக்கம் நடந்த கதை ஒன்று. மாதர் சங்கம் ஒன்று. சுழற்சிக் கடன் கொடுத்து மாதம் தோறும் வட்டி வாங்குகிறது. விரிதாளில் 'எஃப்' நிரலின் முதல் நான்கு கலங்களில், ஒன்றன் கீழ் ஒன்றாக, வாழ்வாதாரக் கடன், சிறுகடன், அவசரக் கடன், தண்டம் ஆகியவற்றின் வீதங்கள். வட்டிக் கணக்கை விளக்க ஒரு தம்பி வீடியோ எடுத்திருந்தார். கெட்டிக்காரர், நல்ல குரல், நல்ல வேகம். கடன் தொகையை 'எஃப்1' கலத்தால் பெருக்குகிறார். சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது அந்தக் கலம் நகர்ந்துவிடக் கூடாது என்பதால் 'எஃப் 4' விசையைத் தட்டுகிறார். எழுத்துக்கு முன்னும் எண்ணுக்கு முன்னும் இரண்டு டொலர் குறிகள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. எல்லாம் இரண்டு நொடி. வாய் சொன்னது என்ன? "இங்கே இப்படிப் போட்டுவிட்டு, இதை அப்படியே கீழே இழுத்துவிடுங்கள்."

சங்கத்தின் பொருளாளர் அக்கா கவனமானவர். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கொப்பியில் எழுதிவைத்துத்தான் செய்தார். அவருடைய தொலைபேசியில் டொலர் குறி தெரியவில்லை. விசையைத் தட்டியது எப்படியும் தெரியப்போவதில்லை. விசைப்பலகை திரையில் இல்லையே! குறி இல்லாமல் எழுதி இழுத்தார். முதல் வரி 'எஃப்1'ஐ எடுத்தது, அடுத்தது 'எஃப்2'ஐ, அதற்கடுத்தது 'எஃப்3'ஐ, நான்காவது 'எஃப்4'ஐ. அந்த மாதம் கடன் நிலுவையில் இருந்தவர்கள் நான்கு பேர்தான். நான்கு கலத்திலும் ஏதோ ஓர் எண் இருந்ததால் பிழைச் செய்தி எதுவும் எழவில்லை. ஐந்தாவதாக ஒருவர் இருந்திருந்தால் பூச்சியம் விழுந்து காட்டிக் கொடுத்திருக்கும்.

நால்வரும் ஒரே வகைக் கடனை, ஒரே தொகையை, ஒரே நாளில் எடுத்தவர்கள். வட்டி மட்டும் நான்கு விதம். காசு வாங்கி முடிந்த பிறகு, மாதக் கூட்டத்தில் கணக்கு வாசித்தபோதுதான் அது வெளியில் வந்தது. ஊர்ச் சங்கத்தில் காசுக் கணக்குப் பிழைத்தால் பழி எண்ணோடு நிற்காது, எழுதிய ஆளோடு ஒட்டிக்கொள்ளும். யாருக்கு வேண்டியவர், யாருக்கு வேண்டாதவர் என்று பேச்சு எங்கெங்கோ போனது. கூடுதலாக வாங்கிய காசை வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தார்கள். அக்கா கணினியை மூடிப் பெட்டியில் வைத்துவிட்டு, கட்டையான பழைய பேரேட்டுக்குத் திரும்பிவிட்டார். அவரை மறுபடி விரிதாளின் பக்கம் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

வீடியோ எடுத்த தம்பியிடம் சொன்னபோது, "நான் டொலர் போட்டுத்தானே காட்டினேன்" என்றார். போட்டார். காட்டவில்லை.

சரி, என்ன செய்வது? பதிவைத் தொடங்கும் முன்பே கணினித் திரையின் அளவை 1280×720 ஆக மாற்றிவிடுங்கள். 1920×1080 திரையில் இருந்து இப்படி மாற்றினால் எல்லாமே ஒன்றரை மடங்கு பெரிதாகும். உங்கள் கண்ணுக்கு அசிங்கமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு கல்க்கில் கொன்ட்ரோல் விசையை அழுத்தியபடி மவுஸ் சில்லை உருட்டி, தாளை 180, 200 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். பக்கப்பட்டையை மூடுங்கள். மூன்று நிரல் போதும் என்றால் மூன்று நிரல்தான் தெரிய வேண்டும். ஓ.பி.எஸ். ஸ்டூடியோ என்ற திரைப்பதிவு மென்பொருளில் பதிபவர்கள் ஓல்ட் விசையை அழுத்தியபடி படச் சட்டத்தின் ஓரத்தை உள்ளே இழுத்தால் வேண்டாத பகுதி வெட்டுப்படும். நிமிர்த்திப் பிடித்துப் பார்ப்பவர்களுக்கு 1080×1080 என்ற சதுரச் சட்டம் இன்னும் வசதி.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. தாளைப் பெருப்பித்தால் கலங்கள்தான் பெரிதாகும். மேலே சூத்திரம் தெரியும் பட்டை அப்படியே சின்னதாகக் கிடக்கும். பலர் தாளை 200 சதவீதம் ஆக்கிவிட்டு, விளக்கத்தை மட்டும் அந்தப் பட்டையைக் காட்டிச் சொல்கிறார்கள். சூத்திரத்தைக் கலத்துக்குள்ளேயே எழுதுங்கள். எழுதி முடித்ததும், வியூ மெனுவில் சூத்திரங்களைக் காட்டும் தெரிவை இயக்கினால் விடைக்குப் பதிலாக எல்லாக் கலத்திலும் சூத்திரமே தெரியும். இரண்டாம் வரியில் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்பதை அங்கே நிறுத்திக் காட்டலாம்.

கண் காட்டாததை வாய் சொல்ல வேண்டும். "இங்கே", "இதை", "இப்படி" என்ற மூன்று சொற்களையும் பதிவு அறைக்கு வெளியே விட்டுவிட்டு வாருங்கள். "எஃப் நான்கு விசையை ஒருமுறை அழுத்துகிறேன். சில மடிக்கணினிகளில் எஃப்.என். விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். இப்போது எஃப் எழுத்துக்கு முன் ஒரு டொலர், ஒன்றுக்கு முன் இன்னொரு டொலர்" என்று சொல்லி, சற்று நேரம் மவுஸையும் வாயையும் நிறுத்துங்கள்.

முடிந்ததும் வட்ஸ்அப் வழியாகவே உங்கள் தொலைபேசிக்கு அனுப்புங்கள். முற்றத்து வெயிலில் நின்று, நிமிர்த்திப் பிடித்து, சூத்திரத்தை உரத்து வாசியுங்கள். ஒரு குறி இடறினாலும் திரும்ப எடுக்க வேண்டியதுதான். குழுவுக்கு அனுப்பும்போது ஆவணமாக இணைத்தால் வட்ஸ்அப் தரத்தைக் குறைக்காது. கோப்பு பெரிதாகுமே, டேட்டா தின்னுமே என்பார்கள். விரிதாள் பெரும்பாலும் அசையாமல் நிற்கும் படம். நொடிக்கு 15 சட்டகம் (ஃபிரேம்) தாராளம். கோப்பு அவ்வளவு வீங்காது.

உண்மையான பெயர்ப்பட்டியல்

பயனாளிகள் பட்டியலைத் திறந்துவைத்துக்கொண்டே பாடம் நடத்துகிறார்கள். பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், கடன் நிலுவை எல்லாம் வரிசையாக. புதிய 12 இலக்க எண்ணில் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டு; அடுத்த மூன்று, அந்த ஆண்டில் எத்தனையாம் நாள் என்பது; பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். பிறந்த திகதியைச் சந்தியில் கூவி விற்பதற்குச் சமம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நாட்டில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அடுத்த வீட்டுக்காரரின் நிலுவை நமக்கு எதற்கு?

பிறகு மங்கலாக்கிக்கொள்ளலாம் என்று எடுக்காதீர்கள். தாள் உருளும்போது ஒரு சட்டகம் தப்பினால் போதும், யாராவது நிறுத்திப் பார்ப்பார்கள். பெயரை மட்டும் அழிப்பதும் போதாது. சின்ன ஊரில் தொகையைப் பார்த்தே ஆள் யார் என்று சொல்லிவிடுவார்கள். 'உறுப்பினர் 1', 'உறுப்பினர் 2' என்று பொய்க்கோப்பு ஒன்றைத் தனியாகச் செய்து வைத்துக்கொள்ளுங்கள், எல்லா வீடியோவுக்கும் உதவும். மென்பொருளைத் திறந்ததும் தோன்றும் அண்மைக் கோப்புகளின் பட்டியலையும், மூலையில் எட்டிப் பார்க்கும் அறிவித்தல்களையும் கவனியுங்கள்.

பின்னணி இசை

வேண்டாம்.

மின்சாரம் போனால்

மேசைக் கணினியில் எம்.பி.4 வடிவில் நேரடியாகப் பதிபவர்களுக்கு: அந்தக் கோப்பைத் திறக்கத் தேவையான அட்டவணை, பதிவை நிறுத்தும்போதுதான் எழுதப்படும். நடுவில் மின்சாரம் போனால் கோப்பு கிடக்கும், ஓடாது. ஓ.பி.எஸ்.ஸில் எம்.கே.வி. வடிவில் பதியுங்கள், அறுந்த இடம் வரை தப்பும். பிறகு ஃபைல் மெனுவிலேயே எம்.பி.4 ஆக மாற்றலாம், தரம் குறையாது. 2024இல் வந்த 30.2 பதிப்பில் இருந்து, இடையில் நின்றாலும் பிழைக்கும் ஒரு கலப்பு எம்.பி.4 வடிவமும் இருக்கிறது.

தகரக் கூரை

மாரியில் தகரத்தின் கீழ் இருந்து பதியாதீர்கள். அதற்கு மருந்தே இல்லை. சோளகக் காற்றுக்கு யன்னலை மூடலாம், மின்விசிறியை நிறுத்தலாம். மயில் கத்தினால் கத்தட்டும், அந்த வசனத்தை மட்டும் திரும்பச் சொல்லுங்கள். விலை கூடிய மைக் தேவையில்லை. சாதாரண ஒலிவாங்கியை வாயில் இருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் வைத்தாலே மூச்சுச் சத்தம் குறைந்துவிடும். ஓ.பி.எஸ்.ஸின் இரைச்சல் நீக்கி நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் அதை நம்பி, பக்கத்து வயலில் உழவு இயந்திரம் ஓடும்போது பேச உட்காராதீர்கள். இரைச்சலோடு உங்கள் குரலின் பாதியையும் அது கொண்டுபோய்விடும்.

மவுஸால் வட்டம் போடுவது

பார்ப்பவருக்குத் தலை சுற்றுகிறது.

மூன்று பாடம், ஒரு வீடியோ

கடன் பதிவது ஒன்று. வட்டி கணக்கிடுவது ஒன்று. அச்சிடுவது ஒன்று. பொருளாளருக்கு இன்றைக்கு வேண்டியது அச்சு மட்டும் என்றால், அதற்காகப் பதினொரு நிமிடத்தை உருட்டித் தேட வைக்காதீர்கள்.

பிழையான வீடியோவை அழித்தால் போதும் என்று நினைப்பது

குழுவில் இருந்து அழித்துவிடலாம். ஆனால் அதற்குள் அது துணுக்காய்க்கும் புதுக்குடியிருப்புக்கும் போயிருக்கும். அங்கிருந்து எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. திருத்திய வீடியோவும் பழையதும் ஒரே முகப்போடு ஒரே தொலைபேசியில் கிடந்தால் எதைப் பார்ப்பார்? அதனால் முதல் சட்டகத்திலேயே பெரிய எழுத்தில் பாடத்தின் பெயர், மென்பொருளின் பதிப்பு, எடுத்த மாதம், திருத்த எண் ஆகியவற்றைப் போடுங்கள். கோப்பின் பெயரிலும் அதையே எழுதுங்கள். திருத்தி அனுப்பும்போது முதல் வசனம் இப்படி இருக்கட்டும்: "வட்டிக் கணக்கு, திருத்தம் இரண்டு. திருத்தம் ஒன்றை வைத்திருப்பவர்கள் அதை அழித்துவிட்டு, உங்கள் தாளில் இரண்டாவது வரியின் சூத்திரத்தைத் திறந்து பாருங்கள்."

எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். பழைய வீடியோவைப் பார்த்துச் செய்தவர் தன் தாளில் பிழை இருப்பதாகவே நினைத்திருக்க மாட்டார்.