‘எங்க லிமிட் இல்லை’ என்று ஸ்டேஷனில் சொன்னால்: ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதிய வைக்கும் வழி

குற்றம் எங்கே நடந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ்.எஸ்., 173(1) பிரிவில் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. முதல் தகவல் அறிக்கையில் (எஃப்.ஐ.ஆர்.) வரிசை எண் இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்ஜியம் போட்டுப் பதிவு செய்து, உரிய நிலையத்துக்கு அனுப்புவார்கள். இதுதான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். அங்கே வழக்கு எண் விழும். எல்லைப் பிரச்சினை காவல்துறையின் உள்விவகாரம். அதைத் தீர்க்க நீங்கள் பஸ் ஏற வேண்டியதில்லை.

ஆனால், வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றத்துக்கு மட்டுமே இது. கொலை, பாலியல் வன்முறை, ஆள் கடத்தல், வழிப்பறி எல்லாம் வரும். வெறும் வாய்ச்சண்டை வராது. சாதாரணத் திருட்டில் ஒரு சிக்கல் உண்டு: பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைந்தால் அது இந்த வகையில் சேராது. செல்போன் திருடு போனால் விலையையும் எழுதுங்கள், பில் இருந்தால் நகலை இணையுங்கள்.

புகாரில் தேதி, நேரம், இடம், அடையாளம், போன பொருள், சாட்சிகள் இருக்க வேண்டும். தாமதமாகக் கொடுத்தால் காரணத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பின்னால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான். கடைசியில் இப்படி முடிக்கலாம்: ‘சம்பவ இடம் தங்கள் எல்லைக்கு வெளியே இருப்பினும், பி.என்.எஸ்.எஸ். 173(1)இன்படி வழக்குப் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.’ வாய்மொழியாகச் சொன்னால் அவர்கள் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். ஆன்லைனில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போடுங்கள். இல்லையேல் அது பதிவில் ஏறாது.

ஓடும் பஸ்ஸில் நடந்த திருட்டில்தான் இழுத்தடிப்பு அதிகம். சென்னையிலிருந்து வந்து மாட்டுத்தாவணியில் இறங்கும்போது பையில் நகை இல்லை என்று வைத்துக்கொள்வோம். ‘எந்த ஊர்ல போச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்க’ என்பார்கள். பயணத்தின்போது நடந்த குற்றத்தை, அந்தப் பயணம் கடந்த எந்தப் பகுதியின் நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்கிறது 203ஆம் பிரிவு. ஆக, மதுரையிலேயே நேரடியாக வழக்குப் பதியலாம், பூஜ்ஜியமே தேவைப்படாது. ‘விக்கிரவாண்டியில் சாப்பிட இறங்கியபோது நகை பையில் இருந்தது’ என்பது போல, கடைசியாகப் பார்த்த இடத்தை எழுதினால் போதும்.

ஸ்டேஷனில் புகார் கொடுப்பவர்கள் மூன்று இடத்தில் ஏமாந்துபோவார்கள். ‘திருடு போனது’ என்பதை ‘காணாமல் போனது’ என்று மாற்றி எழுதச் சொல்வார்கள். மாற்றினால் அதில் குற்றமே இல்லாமல் போய்விடும். சம்பவ இடத்தை நகர்த்தி எழுதச் சொல்வார்கள். அந்தப் பொய் உங்கள் தலையில் விடியும். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்புவார்கள். வாங்கி வையுங்கள், ஆனால் அது எஃப்.ஐ.ஆர். அல்ல. எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது 173(2).

‘விசாரிச்சுட்டுப் போடுறோம்’ என்பது எப்போதும் சாக்கு அல்ல. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி.யின் அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்த 173(3) இடம் தருகிறது. சாதாரணத் திருட்டும் இதில் அடங்கும். ‘டி.எஸ்.பி. அனுமதி வாங்கியாச்சா?’ என்று கேளுங்கள்.

மறுத்தால், புகாரின் சாரத்தை மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். ஸ்பீட் போஸ்ட் ரசீதைத் தொலைக்காதீர்கள். அங்கும் நடக்காவிட்டால் நீதித்துறை நடுவரிடம் 175(3)இன் கீழ் மனு போடலாம், எஸ்.பி.க்கு அனுப்பிய சான்றும் பிரமாண வாக்குமூலமும் இல்லாவிட்டால் மனு நிற்காது. பாலியல் வன்முறை, ஆசிட் வீச்சு போன்ற குறிப்பிட்ட குற்றங்களில் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 199ஆம் பிரிவு அது. பாலியல் வன்முறைக்கு ஆளானவரை, தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பதால், ‘அந்த ஸ்டேஷனுக்குப் போங்க’ என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

பதிவானதும் எந்தத் தேதியில், எந்த நிலையத்துக்கு அனுப்பினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். சில நாளில் அந்த நிலையத்துக்கு போன் போட்டு, புது வழக்கு எண்ணையும் விசாரணை அதிகாரியின் பெயரையும் வாங்குங்கள்.