எஸ்எஸ்டி டூப்ளிகேட்டா? முதலில் பிராசசரைப் பாருங்கள்

ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியைக் காந்திபுரத்தில் வாங்கி, மறுநாளே கடைக்குத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு. "ஏனுங்ணா, டப்பாவுல செகண்டுக்கு 7000 எம்பினு போட்டிருக்குது, எங்கூட்டு சிஸ்டத்துல 3500 தாங்க காட்டுது. டூப்ளிகேட்டுங்களா?"

பெரும்பாலும் சரக்கில் குறை இருக்காது. என்ன பிராசசர் என்று கேட்டால் ரைசன் 5 5600ஜி என்பார்கள். எஸ்எஸ்டி பிராசசரோடு பேசும் பாதையான பிசிஐஇ, அதில் 3.0 வரைதான் போகும். நாலு லேனில் 3500 எம்பி வந்தாலே பெரிய விஷயம். ஜென் 4 (பிசிஐஇ 4.0) எஸ்எஸ்டிக்குக் கூடுதல் காசு கொடுக்கும் முன்பே இதைப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த தவறு, டப்பாவில் உள்ள 10 லட்சம் ஐஓபிஎஸ்ஸை (நொடிக்கு எத்தனை வாசிப்பு, எழுத்து என்ற எண்), வேகம் அளக்கும் கிரிஸ்டல்டிஸ்க்மார்க் சாஃப்ட்வேரின் 4கே க்யூ32டி1 வரியில் தேடுவது. க்யூ32 என்றால் ஒரே நேரத்தில் 32 கோரிக்கைகள் வரிசையில்; டி1 என்றால் ஒரே திரெட், அதாவது பிராசசரின் ஒரு கோர் மட்டும் செய்யும் வேலை. அங்கே 700 எம்பி வந்தால் சுமார் 1,70,000 ஐஓபிஎஸ். பெரும்பாலும் அதற்கு மேல் அந்த ஒரு கோர் தாங்காது. "சிபியு 8 சதவீதம்தானே ஓடுது" என்று டாஸ்க் மேனேஜரைக் காட்டி வாதாடுவார்கள். 12 திரெட் பிராசசரில் ஒரு திரெட் முழுதாக நிரம்பினாலே மொத்தத்தில் 8 சதவீதம்தான் காட்டும். கிராஃபைத் தனித்தனித் திரெட்டாக மாற்றிப் பாருங்கள், தெரியும்.

நான் முதலில் பார்ப்பது கடைசி வரியைத்தான்: 4கே, க்யூ1டி1, அதாவது 4 கேபி துண்டுகளாக, ஒன்று முடிந்த பிறகே அடுத்தது. விண்டோஸ் திறப்பது, டாலி ஓடுவது எல்லாம் இந்த வரிக்குத்தான் நெருக்கம். இங்கே 60 எம்பி என்றால் நொடிக்கு ஏறத்தாழ 14,650 வாசிப்புகள், ஒவ்வொன்றுக்கும் சுமார் 68 மைக்ரோ செகண்ட். அதில் ஃபிளாஷ் சிப் எடுத்துக்கொள்ளும் நேரம் போக, மிச்சம் பிராசசருக்கும் விண்டோஸுக்கும். ஈரோட்டு மஞ்சள் குடோனில் ஒரு மூட்டை வெளியே வந்த பிறகுதான் அடுத்த சீட்டு எழுதுவேன் என்று கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருந்தால், லோடு ஏறும் வேகம் அவர் கையிலும்தான் இருக்கிறது. விண்டோஸின் பேலன்ஸ்டு பவர் பிளானில் அந்தச் சின்ன இடைவெளியிலும் கோர் கண்ணயர்ந்துவிடும். அது விழித்து எழ சில மைக்ரோ செகண்ட் முதல் பல பத்து மைக்ரோ செகண்ட் வரை போகும். ஹை பெர்ஃபாமன்ஸுக்கு மாற்றினால் அதே எஸ்எஸ்டியில் இந்த எண் ஏறுவதைப் பார்க்கலாம். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகிவிட்டு டெஸ்ட் போடுங்கள்.

அதனால் யூடியூப்காரரின் புது பிராசசரில் வந்த எண்ணோடு உங்கள் பழைய மெஷின் எண்ணை ஒப்பிட்டு எஸ்எஸ்டியைத் திட்டாதீர்கள். இரண்டு எஸ்எஸ்டிகளை ஒப்பிட வேண்டுமா, ஒரே மெஷின், ஒரே ஸ்லாட், ஒரே பவர் பிளான். டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் ஒன்றில் ஆன், இன்னொன்றில் ஆஃப் என்று இருக்கக் கூடாது; என்கிரிப்ஷன் வேலையை வழக்கமாகப் பிராசசர்தான் செய்கிறது. பின்னணியில் ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஓடினாலும் கணக்கு கெட்டுவிடும்.

திருப்பூரில் பில் போடவும் டிசைன் பார்க்கவும் நான்காம் தலைமுறை ஐ3 மெஷின்களை இன்னும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் அடாப்டர் போட்டு ஜென் 4 எஸ்எஸ்டி மாட்டுவது வீண் செலவு. ஹார்டு டிஸ்க் மாட்டும் அதே சாட்டா கேபிளில் மாட்டும் சாதாரண எஸ்எஸ்டி போதும். ஹார்டு டிஸ்க்கிலிருந்து மாறினாலே வித்தியாசம் நன்றாகத் தெரியும். மிச்சமாகும் பணத்தில் ராம் போடுங்கள்.